உலகனேரியில் எழுந்த டிக்டாக் கேள்வி

2019 ஏப்ரல் 3ஆம் தேதி, உலகனேரியில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் பற்றி ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. மதுரை வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. நீதிபதிகள் என். கிருபாகரன், எஸ்.எஸ். சுந்தர் அமர்வின் உத்தரவில் மூன்று விஷயங்கள் இருந்தன. செயலியை யாரும் புதிதாக டவுன்லோடு செய்ய முடியாதபடி தடுக்க வேண்டும். டிக்டாக்கில் எடுத்த வீடியோக்களைத் தொலைக்காட்சிகள் காட்டக் கூடாது. இணையத்தில் குழந்தைகளைக் காக்க அமெரிக்காவில் ஒரு சட்டம் இருக்கிறதே, அதைப்போல இங்கே ஒன்று வருமா என்று மத்திய அரசு பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் டீக்கடை முதல் டெல்லி வரை பேசினார்கள். மூன்றாவது கேள்வியை அனேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. உத்தரவிலேயே உருப்படியான பகுதி அதுதான் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த உத்தரவு திடீரென்று வந்துவிடவில்லை. பிப்ரவரியிலேயே நாகப்பட்டினம் எம்.எல்.ஏ. தமிமுன் அன்சாரி சட்டமன்றத்தில் டிக்டாக்கைத் தடை செய்யக் கேட்டார். மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் மணிகண்டன் பதில் சொன்னார். பிறகுதான் மதுரை வழக்கு. ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவை நிறுத்திவைக்க மறுத்தது. ஓரிரு நாளில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் ஸ்டோர்களிலிருந்து செயலியை எடுத்தன. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் பாட்டுக்கு வீடியோ போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நாளொன்றுக்கு 5 லட்சம் டாலர் வரை நஷ்டம் என்று நிறுவனம் நீதிமன்றத்தில் முறையிட்டது. நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தார், சட்டம் அனுமதிப்பதை நீதிமன்றம் தடுக்க முடியாது, தடை தீர்வும் ஆகாது என்று வாதிட்டார். ஆபாச வீடியோக்களை வடிகட்டுவோம் என்று நிறுவனம் உறுதி கொடுத்த பேரில் ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது. மூன்றே வாரம். அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று, கல்வான் மோதலுக்குப் பிறகு, நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடுத்தபோது டிக்டாக் மொத்தமாகப் போனது. குழந்தைகள் பற்றிய கவலைக்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமில்லை.

பிறகு என்ன நடந்தது? ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. சுமார் 20 கோடிப் பேர் புழங்கிய இடம் ஒரே இரவில் மூடப்பட்டதும் அந்தக் கூட்டம் அப்படியே அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்தது. அதே டப்பிங், அதே நடனம், அதே பைக் சாகசம், அதே ஆபாசக் கமென்ட். மதுரை அமர்வு எதையெல்லாம் கண்டு பதறியதோ அவை எல்லாமே இன்று வேறு பெயரில், இன்னும் பெரிய அளவில் ஓடுகின்றன. தடை செயலியைத்தான் தொட்டது. அந்தச் செயலியை அப்படி ஆக்கிய எந்திரத்தை, அதாவது எந்த வீடியோ யாருக்கு, எப்போது, எத்தனை தடவை காட்டப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் அல்காரிதத்தை, அது தொடவே இல்லை.

நம் ஊடகச் சட்டங்கள் ஏன் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை? அவை பிறந்த காலம் அப்படி. 1952ஆம் ஆண்டு சினிமா சட்டம் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, முன்கூட்டியே பார்த்து, சான்றிதழ் கொடுக்கிறது. சினிமா மற்றக் கலைகளைவிட மனதை அதிகம் கிளறும், ஆகவே முன்தணிக்கை தப்பில்லை என்று 1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. 1995ஆம் ஆண்டு கேபிள் சட்டம் வந்தபோது தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பதிவு, நிகழ்ச்சிகளுக்கு விதிமுறை, மீறினால் கருவிகளைப் பறிமுதல் செய்ய அதிகாரிகள் என்று அந்தச் சட்டம் கட்டப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச் சொத்து, அதை அரசும் சொந்தம் கொண்டாட முடியாது, தன்னாட்சி அமைப்பு ஒன்று அதை நிர்வகிக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்புக்கு அடியில் இருந்த நியாயம், அலைவரிசைக்கு ஓர் அளவு உண்டு, எல்லோருக்கும் கிடைக்காது என்பது. கையில் போன் இருக்கும் எவரும் ஒளிபரப்பாளர் ஆகலாம் என்ற இன்றைய நிலையில் அந்த நியாயம் செல்லாது. இப்போது தட்டுப்பாடு பார்ப்பவரின் நேரத்துக்குத்தான். எதை அவர் கண்முன் கொண்டுவருவது என்ற அதிகாரம் நான்கைந்து நிறுவனங்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒழுங்குமுறையும் அங்கேதான் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. 2021 பிப்ரவரி 25 அன்று வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்களுக்கு வயது வாரியான தரம் பிரிக்கச் சொன்னது நல்ல காரியம். 7, 13, 16 என்று அந்த வகைப்பாடு பிற்பாடு சினிமாவுக்கும் வந்தது. ஆனால் அதே விதிகள் இணையச் செய்தித் தளங்களுக்கும் மூன்றடுக்குக் கண்காணிப்பைக் கொண்டுவந்து, மேலடுக்கில் அமைச்சகத்தை உட்கார வைத்தன. அதன் முக்கியப் பகுதியை ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் தொடுத்த வழக்கில் அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இத்தனைக்கும் பிறகு 2023 நவம்பரில் ஒளிபரப்புச் சேவைகள் மசோதாவின் வரைவு வந்தது. கேபிள் சட்டத்துக்குப் பதிலாக வர வேண்டிய மசோதா அது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதன் திருத்திய வடிவம் பொதுவில் வராமல், சிலர் கைக்கு மட்டும், பிரதிக்குப் பிரதி தனி அடையாளம் போட்டுக் கொடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. நாட்டு நடப்பைப் பற்றிப் பேசும் தனி யூடியூபர்களையும் ஒளிபரப்பாளர் கணக்கில் சேர்த்து, அரசிடம் தெரிவிக்கக் கடமைப்படுத்தும் யோசனை அதில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் புதிய வரைவு கொண்டுவருகிறோம் என்று அமைச்சகம் ஆகஸ்டில் பின்வாங்கியது.

அந்த யோசனை எங்கே இடறும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே போதும். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பம் நடத்தும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு வெங்காயப் பச்சடி கலந்தார். அந்த வீடியோ சமையலா, நாட்டு நடப்பா? ஒரு செய்திச் சேனலுக்கு வக்கீல் இருக்கிறார், கணக்குப்பிள்ளை இருக்கிறார், டெல்லியில் ஆள் இருக்கிறது. வயல்வெளியில் அடுப்பு மூட்டும் குடும்பத்துக்கும், அழகர்கோவில் சாலையில் நின்று மாநகராட்சியின் குப்பைப் பிரச்சினையைப் பேசும் பையனுக்கும் அவை கிடையா. பெரிய நிறுவனத்துக்குத் தைத்த சட்டையை அவர்களுக்கு மாட்டினால் அவர்கள் வாயை மூடிக்கொள்வதைத் தவிர வேறு ஒன்றும் நடக்காது. அந்த வீடியோவைக் கோடிக்கணக்கானோருக்குத் தள்ளிவிட்டு, நடுவில் விளம்பரம் போட்டுக் காசு பார்க்கும் நிறுவனமோ, நான் வெறும் இடைத்தரகர் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவுக்குப் பின்னால் நின்றுகொள்ளும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். தென் மாவட்டங்களில் அரிவாளோடு ரீல்ஸ் போடுகிறவனை என்ன செய்வது? சாதிப் பெருமைப் பாட்டுக்குப் பின்னால் இன்னொரு சாதியைச் சீண்டும் வரி ஓடுகிறதே, அதற்கு யார் பொறுப்பு? பேசுகிறவனை விட்டுவிட்டு கம்பெனியைப் பிடி என்பது சுலபமான பேச்சு இல்லையா? நான் பேசுகிறவனை விட்டுவிடச் சொல்லவில்லை. மிரட்டலுக்கும் கலவரத் தூண்டலுக்கும் அவதூறுக்கும் ஏற்கெனவே குற்றவியல் சட்டம் இருக்கிறது. பசும்பொன், பரமக்குடி நினைவு நாள் நிகழ்ச்சிகள் நெருங்கும்போது சமூக ஊடகப் பதிவுகள் குறித்துக் காவல்துறை எச்சரிப்பதும் வழக்குப் போடுவதும் ஆண்டுதோறும் நடப்பவை. போதாதது சட்டம் அல்ல. அரிவாள் ரீல்ஸ் போட்டவன் கைதான பிறகும், அதைப் பார்த்த பத்தாம் வகுப்புப் பையனுக்கு அதேபோன்ற அடுத்த ரீல்ஸ் வந்துகொண்டே இருக்கிறது. அவன் அதைத் தேடிப் போகவில்லை. ஒரு தடவை கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், அவ்வளவுதான். இதைப் பற்றி நிறுவனத்தைக் கேட்க இன்று எந்த அதிகாரிக்கும் சட்டப்படி வழியில்லை. ஆயிரம் பேரைக் கைது செய்தாலும் இந்த ஓட்டை அடைபடாது. தவிர, கைது செய்யும் அதிகாரம் அரிவாளோடு நிற்காது என்பதும் நாம் பார்த்ததுதான். மதுரைக் கிளை ரத்து செய்த ஒரு யூடியூபரின் ஜாமீனை 2024 ஏப்ரலில் திருப்பிக் கொடுத்தபோது, யூடியூபில் குற்றம் சாட்டுகிற எல்லோரையும் தேர்தலுக்கு முன் உள்ளே போட ஆரம்பித்தால் எத்தனை பேரைப் போடுவீர்கள் என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் கேட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் இதே சிக்கலில் கொஞ்சம் முன்னால் நடந்திருக்கிறது. எல்லை தாண்டிய தொலைக்காட்சிக்கென்று 1989இல் போட்ட நெறிமுறையை அவர்கள் அவ்வப்போது திருத்தி, 2018இல் யூடியூப் போன்ற வீடியோ தளங்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் தளத்தை ஜவாப்தாரி ஆக்கவில்லை. வயது சரிபார்க்கும் ஏற்பாடு, புகார் செய்ய எளிய வழி, பெற்றோர் கையில் ஒரு கட்டுப்பாடு, விளம்பரம் என்றால் விளம்பரம் என்று சொல்வது, இவற்றையெல்லாம் அமைத்திருக்கிறாயா என்பதுதான் கேள்வி. 2022இல் வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம் ஒரு படி மேலே போனது. மாதம் நாலரைக் கோடிப் பேருக்கு மேல் பயன்படுத்தும் தளங்கள், தங்கள் அல்காரிதத்தால் என்ன கேடு வரும் என்று ஆண்டுதோறும் தாங்களே ஆராய்ந்து, வெளித் தணிக்கைக்கும் உட்பட வேண்டும். ஆளை வேவு பார்க்காத ஒரு பரிந்துரை வரிசையையும் பயனருக்குக் கொடுத்தாக வேண்டும். மீறினால் உலக வருவாயில் 6 சதவீதம் வரை அபராதம்.

இது ஏட்டளவில் நிற்கவும் இல்லை. வீடியோ பார்க்கப் பார்க்கப் பரிசுப் புள்ளி தரும் டிக்டாக் லைட் என்ற செயலி 2024இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் இறங்கியது. சிறுவர்களை அடிமையாக்கும் ஆபத்தை முன்கூட்டி ஆராய்ந்தாயா என்று ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் விசாரணை தொடங்கியது. அந்த வாரமே பரிசுத் திட்டம் நின்றது. ஆகஸ்டில் அதை ஐரோப்பாவில் நிரந்தரமாகக் கைவிடுவதாக நிறுவனம் எழுதிக் கொடுத்தது. ஒரு வீடியோகூட நீக்கப்படவில்லை, ஒரு பயனரும் தண்டிக்கப்படவில்லை, செயலி தடை செய்யப்படவும் இல்லை. மதுரை உத்தரவையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கவலை இரண்டிலும் ஒன்றே. நம் நீதிபதிகள் கையில் இருந்தது தடை என்ற ஒரே கருவி, அதையும் மூன்று வாரத்தில் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வேறு கருவியைச் சட்டமன்றங்கள் செய்து கொடுக்கவில்லை.

ஐரோப்பியச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னப் பிரிவு. பெரிய தளங்கள், உள்ளடக்கத்தைச் சரிபார்க்க எந்த மொழிக்கு எத்தனை மனிதர்களை வைத்திருக்கின்றன என்று மொழி வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். சுமார் ஐந்து லட்சம் பேரே பேசும் மால்டா மொழிக்கும் கணக்கு உண்டு. தமிழுக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 6.9 கோடிப் பேரின் தாய்மொழி இது. 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்கள் இங்கே மாதந்தோறும் அறிக்கை வெளியிடுகின்றன, ஆனால் அதில் மொழிக் கணக்கு கேட்கப்படவில்லை. ஒரு பெண்ணைக் கேவலமாகப் பேசும் மதுரை வட்டார வழக்கு, எழுத்தில் வெறும் கிண்டல்போலத் தெரியும் சாதி வசவு, இவற்றைக் கணினி பிடிக்காது. ஊர்க்காரர் காதுக்குத்தான் பிடிபடும். அப்படிப்பட்ட காதுகள் எத்தனை இருக்கின்றன என்று தெரியாமல், ரிப்போர்ட் அடித்தும் நடவடிக்கை இல்லையே என்று நாம் புலம்பிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஐரோப்பாவில் இருப்பதுபோல் இங்கே ஓர் ஆணையம் வைத்தால் அது ஆளுங்கட்சியின் கைத்தடி ஆகிவிடாதா? இதுதான் எல்லா மறுப்பிலும் கனமானது, அதிலும் தமிழ்நாட்டுக்காரர் கேட்டால். 2007 மே 9 அன்று ஒரு கருத்துக்கணிப்பை ஒட்டி மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். அன்றைய முதல்வரின் குடும்பத்துக்குள் அந்தப் பிளவு வந்த அதே ஆண்டில்தான் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் பிறந்தது. 2011இல் ஆட்சி மாறியதும் மாதம் 70 ரூபாய்க்கு அதே நிறுவனம் புத்துயிர் பெற்றது. மாநில அரசுகள் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2008இலும் 2012இலும் பரிந்துரைத்தது வீணாகப் போனது. எந்தச் சேனல் வரிசையில் எங்கே இருக்கும், எது திடீரென்று தெரியாமல் போகும் என்ற புகார் எல்லா ஆட்சியிலும் எழுந்திருக்கிறது. 2025 அக்டோபரில் புதிய தலைமுறை அரசு கேபிளில் வரவில்லை என்று எழுந்த கண்டனம் அதில் ஒன்று. வயரைப் பிடித்திருப்பவர் கையில் வாயை அடைக்கும் சக்தியும் இருக்கும் என்பதை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதனால்தான் எந்த அதிகாரத்தைக் கொடுப்பது என்பதில் நான் கறாராக இருக்கச் சொல்கிறேன். வீடியோவை நீக்கு என்று உத்தரவிடும் அதிகாரம் கெட்டவர் கையில் போனால் ஆபத்து. உன் அல்காரிதம் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எதைத் தள்ளுகிறது, தமிழுக்கு எத்தனை ஆள் வைத்திருக்கிறாய், புகாருக்கு எத்தனை நாளில் பதில் சொன்னாய் என்று கேட்டு அதை எல்லோரும் பார்க்க வெளியிடும் அதிகாரம் எவர் கையில் போனாலும் பெரிதாகக் கெடுதல் செய்யாது. முதல் வகை ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இருக்கிறது, மத்திய அரசின் சஹ்யோக் தளம் வழியாக நீக்கச் சொல்லும் ஏற்பாடு இருக்கிறது, அதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடியும் செய்துவிட்டது. இரண்டாம் வகைதான் இல்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் கேட்ட தன்னாட்சி அமைப்பு 1997 ஒளிபரப்பு மசோதா வழியாகவும் வந்து சேரவில்லை, 2001 மசோதா வழியாகவும் வந்து சேரவில்லை. இரண்டும் காலாவதியாகின.

அதே மதுரைக் கிளை 2025 டிசம்பரில் இன்னொரு வழக்கில் இந்த விஷயத்துக்குத் திரும்ப வந்தது. ஆஸ்திரேலியாவைப்போல 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைச் சமூக ஊடகத்திலிருந்து விலக்கும் சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வு கருத்துச் சொன்னது. ஆஸ்திரேலியச் சட்டம் அந்த டிசம்பர் 10 அன்றுதான் அமலுக்கு வந்தது. 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், அதுவும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்லாமல் நிறுவனத்துக்கு என்பது நல்ல அம்சம். ஆனாலும் நம் ஊருக்கு அது பொருந்துமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் எத்தனையோ வீடுகளில் பிள்ளை பார்ப்பது அப்பாவின் போனில், அப்பாவின் கணக்கில். கணக்குத் தொடங்க வயது கேட்கும் சட்டம் அந்தப் பிள்ளையைப் பார்க்கவே பார்க்காது. யார் பார்த்தாலும் இத்தனை நேரத்துக்குப் பின் தானாக அடுத்த வீடியோ ஓடக் கூடாது, பரிந்துரையை ஒரே பட்டனில் நிறுத்த முடிய வேண்டும் என்பதுபோல் எந்திரத்தையே கட்டுப்படுத்தும் விதிதான் அந்த வீட்டுக்குள் போகும்.

அப்படி ஒரு விதியின் விதை, யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில் இப்போது இருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2019இல் உலகனேரியில் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதுவரை வந்த பதில்களில் அதுவே உருப்படியானது. அதிலும் குறை உண்டு. விசாரிக்கும் வாரியத்தை மத்திய அரசே நியமிக்கிறது, விரும்பிய வகையினருக்கு விலக்குக் கொடுக்கவும் வழி வைத்திருக்கிறது. வயதை எப்படி அறிவது என்ற பழைய சிக்கலும் தீரவில்லை. விலக்குப் பட்டியலில் எந்த நிறுவனங்கள் நுழைகின்றன என்பதை நம் எம்.பி.க்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், நாமும் அவர்களை விடாமல் கேட்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, நிறுவனங்களுக்கு 18 மாதம் அவகாசம். 9ஆம் பிரிவு அமலுக்கு வருவது 2027 மே மாதம்.